தலசீமியாவும் அடுத்த பிள்ளையும்



பிறந்து ஐந்தாறு மாதங்கள் வரையில் அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் தெரிவதில்லை. பால் குடிக்கிறது, புரள்கிறது, தாயின் முகங்கண்டு சிரிக்கிறது. அதன் பின்னரே மெல்ல மெல்ல நிறம் வெளுக்கத் தொடங்குகிறது. உண்ண மறுக்கிறது, ஓயாது சிணுங்குகிறது, மண்ணீரல் வீங்குவதனால் வயிறு பருத்துக் காணப்படுகிறது. கண்ணூறு என்று நூல் கட்டுவோரும், கிரகதோஷம் என்று சாதகத்தைத் தூக்கிச் செல்வோரும் உண்டு. இறுதியில் வைத்தியசாலையிலே இரத்தத்தைச் சோதித்த வைத்தியர் ஒரு சொல்லைச் சொல்கிறார். அச்சொல்லைப் பெற்றார் அதற்கு முன்னர் கேட்டிருக்கவும் மாட்டார்கள். தலசீமியா என்பதே அச்சொல்.

1925ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்துக் குழந்தை வைத்தியர் தோமஸ் கூலி என்பவர் இந்நோயை முதன்முதலாக வகுத்துரைத்தார். அவர் கண்ட பிள்ளைகள் மத்தியதரைக் கடல்நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆதலால் 1932இல் இந்நோய்க்குப் பெயரிட்டோர், கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றைத் தேர்ந்தனர். பெயர் அக்கடலைச் சுட்டினாலும் நோய் அக்கடலோடு நிற்கவில்லை. இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து என்று கிழக்கு நோக்கி நீளும் நாடுகள் பலவற்றிலும் அது பரந்து கிடக்கின்றது.

நமது குருதியின் செந்நிறத்துக்கும், ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்லும் அதன் ஆற்றலுக்கும் காரணமாயுள்ளது ஈமோகுளோபின் என்னும் பொருள். தாயின் கருப்பையில் இருக்கும்போது ஒருவகை ஈமோகுளோபினும், பிறந்து சில மாதங்களின் பின் வேறொரு வகையும் உடலில் ஆக்கப்படுகின்றன. தலசீமியாப் பிள்ளைக்கு முதல்வகை குறைவின்றி அமைகிறது. இரண்டாம் வகையைச் செய்யும் ஆற்றல்தான் இல்லை. முதல் ஐந்தாறு மாதங்கள் பிள்ளை நன்றாக இருந்ததன் மருமம் இதுவே.

இத்தகைய பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றாவிடின் பிள்ளை சில ஆண்டுகளுக்கு மேல் வாழாது. ஏற்றினாலோ வேறொரு தொல்லை தோன்றுகிறது. ஒவ்வோர் இரத்தப் பையிலும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடல் நாளொன்றுக்கு வெளியேற்றக்கூடிய இரும்போ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மாத்திரமே. மிகுதியான இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் சென்று படிந்து அவற்றைக் கெடுக்கின்றது. இதனை அகற்றும் பொருட்டு, சிறிய பம்பி ஒன்றின் உதவியுடன் எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வரை தோலின்கீழ் மருந்து செலுத்தவேண்டும். கிழமையில் ஐந்து இரவுகளேனும் அவ்வாறு செய்யவேண்டும். வாயால் உட்கொள்ளும் மருந்துகள் பின்னர் வந்து இப்பாட்டைப் பெரிதும் குறைத்தன. ஒழுங்காகச் சிகிச்சை பெறும் பிள்ளைகள் இன்று வளர்ந்து, படித்து, தொழில் பார்க்கின்றனர். நம் நாட்டிலே இச்சிகிச்சை அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே அளிக்கப்படுகின்றது. குருநாகல், அநுராதபுரம், பதுளை, றாகமை ஆகிய இடங்களில் இதற்கென நிலையங்கள் உண்டு. ஆனால் பஸ்ஸேறி மாதந்தோறும் வந்துபோகும் தந்தை இழக்கும் நாட்கூலியையும், இரவிலே ஊசி குத்தும் தாயின் மனநோவையும் எந்த அரசாங்கமும் ஈடுசெய்துவிட முடியாது.

நான் இன்று பேச வந்தது சிகிச்சையைப் பற்றியன்று. அந்தப் பிள்ளைக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் வேளையிலே, கட்டிலருகில் இருக்கும் தாய் தகப்பன் மனத்திலே எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றியே பேச வந்தேன். இன்னொரு பிள்ளை பெறலாமா என்பதே அக்கேள்வி. அதனை அவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மாமியார் கேட்கிறார், அயலார் கேட்கின்றனர், அவர்கள் மாத்திரம் கேட்பதில்லை.

இக்கேள்விக்கு விடை கூறுமுன் இந்நோய் வருகின்ற வழியை அறிதல் வேண்டும். நம் உடலின் ஒவ்வோர் இயல்புக்கும் காரணமான பரம்பரையலகுகள் சோடிசோடியாக அமைந்துள்ளன. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. ஈமோகுளோபினை ஆக்கும் அலகுச் சோடியில் ஒன்று பழுதாயிருந்து மற்றது நன்றாயிருப்பின் அம்மனிதருக்கு நோயில்லை. அவர் உழுவார், ஓடுவார், பிள்ளை பெறுவார், எண்பது வயதுவரை வாழ்வார். தம்மிடம் பழுது உண்டென்பதை அவர் அறியமாட்டார். இத்தகையவரை வைத்தியர்கள் காவி என்பர். காவியுடுத்தவர் என்று பொருளன்று. காவுபவர், அதாவது சுமப்பவர் என்பதே பொருள். காவியாயிருத்தல் ஒரு நோயன்று என்பதை நேயர்கள் நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

கணவனும் காவி, மனைவியும் காவி என்று வாய்த்துவிடும்போதுதான் இடர் பிறக்கின்றது. தந்தை ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தாய் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தலையாக விழுந்தால் பிள்ளை முற்றாக நலமுடையது. ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் பிள்ளை பெற்றாரைப்போலக் காவி. இரண்டும் பூவாக விழுந்தால் பிள்ளைக்குத் தலசீமியா. இரண்டும் பூவாக விழுவது நான்கில் ஒரு பங்கு. நோயில்லாப் பிள்ளை பிறப்பது நான்கில் மூன்று பங்கு.

இக்கணக்கைச் சொன்னதும் பெற்றார் பலர் ஓர் ஆறுதலைத் தாமாகவே கற்பித்துக்கொள்கின்றனர். நான்கில் ஒன்று என்றால் அந்த ஒன்று வந்துவிட்டதே, இனிவரும் மூன்றும் நல்லவை என்று எண்ணிவிடுகின்றனர். இது பெருந்தவறு. நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. முன்னர் விழுந்தது எப்படியென்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு கருப்பத்திலும் நான்கில் ஒன்று என்னும் கணக்குப் புதிதாகவே தொடங்குகின்றது. இரண்டு பிள்ளைகள் பெற்று இரண்டும் நோயின்றி இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்பது; மூன்று பெற்று மூன்றும் நோயின்றி இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. தொடர்ந்து மூன்று பிள்ளைகளுக்கும் நோய் கண்ட குடும்பங்களும் உள. ஐந்து பெற்று ஒன்றுக்கும் நோய் காணாத காவிப் பெற்றாரும் உளர். பின்னவர்கள் தாம் காவிகள் என்பதையே அறியாமல் இறந்துபோகின்றனர்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாகவேண்டும். நோயுள்ள பிள்ளை பிறந்தால் தாயைப் பழிப்பது நம் வீடுகளின் வழக்கம். அவள் வந்த குடும்பம் சரியில்லை என்பர். அவள் கருப்பத்தில் ஏதோ உண்டாள் என்பர். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தோரும் உளர். மேற்சொன்ன கணக்கைப் பாருங்கள். தந்தையின் பங்கு இல்லாமல் இந்நோய் வரவே முடியாது; தாயின் பங்கு இல்லாமலும் வரமுடியாது. இருவர் பங்கும் சரிபாதி. இரத்தம் உறையாமற் பெருகும் ஈமோபிலியா என்னும் நோயின் கதை வேறு. அங்கே பழுதான அலகு பெரும்பாலும் தாயின் வழியாக ஆண்மக்களை அடைகின்றது. ஒன்றன் கதையை மற்றதன்மேல் ஏற்றிப் பேசுவதனால் விளைந்த துன்பங்கள் பல.

நம் நாட்டிலே காவிகள் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேர் அளவிலே உள்ளனர். எல்லா மாவட்டங்களிலும் இது ஒருபடித்தாக இல்லை. வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களில் நோயாளர் மிகுதி. வடக்கிலும் கிழக்கிலும் தொகை குறைவு. ஆனால் அங்கே இல்லை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமும் இதற்குக் கிடையாது. 2000ஆம் ஆண்டில் லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இலங்கையில் எக்காலத்திலும் 2000 பேருக்கு மேற்பட்டோர் இந்நோய்க்காகச் சிகிச்சை பெறவேண்டியிருப்பர் என்று கணித்தது.

இவ்வளவு கொடிய அலகு தலைமுறை தலைமுறையாக ஏன் அழிந்துபோகாமல் நிலைத்தது? 1949இல் இதற்கொரு விளக்கம் கூறியவர் ஹோல்டேன் என்னும் ஆங்கில விஞ்ஞானி. பின்னாளிலே இந்தியாவிற் குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்திலே காலமானவர். காவிகளை மலேரியாக் காய்ச்சல் எளிதிற் கொல்வதில்லை என்பதே அவர் கருத்து. மலேரியா நிலவிய நிலங்களிலே காவிகள் தப்பிப் பிழைத்தனர். அவர்களுடைய அலகும் பெருகிற்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். குருநாகல் மாவட்டம் அப்போது பட்ட பாடு கொஞ்சமன்று. அதே குருநாகலில் இன்று நாட்டின் மிகப் பெரிய தலசீமியா நிலையம் இருக்கின்றது. ஒரு கொள்ளைநோய் இரண்டு ஆண்டுகளிலே பரம்பரையை மாற்றிவிடாது என்பது உண்மை. ஆயினும் பல நூற்றாண்டுகளாக அந்நிலம் காய்ச்சலோடு போராடிய கதை அங்குள்ள மக்களின் குருதியில் எழுதப்பட்டிருக்கின்றது எனலாம். 2016ஆம் ஆண்டிலே இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது, அதற்கு நம் முன்னோர் கொடுத்த விலை மாத்திரம் நம்மிடம் மிஞ்சியிருக்கின்றது. ஆகவே காவியாயிருத்தலில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இனி, பெற்றாரின் கேள்விக்கு வருவோம். 1980ஆம் ஆண்டிலே லண்டனிலிருந்து பேர்னடெற் மொடெல் என்னும் பெண் வைத்தியரும் அவர் தோழர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அங்கு குடியேறியிருந்த சைப்பிரஸ் நாட்டவர் முதலானோரின் குடும்பங்களை அவர்கள் கவனித்தனர். கருவிலேயே நோயை அறியும் வழி இல்லாத காலத்தில், தலசீமியாப் பிள்ளை ஒன்றைப் பெற்றோர் அதன்பின் பிள்ளை பெறுவதை ஏறக்குறைய நிறுத்தியே விட்டனர். எண்ணாமல் உண்டான கருப்பங்களிலும் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. அவற்றுள் நான்கில் மூன்று நோயற்ற கருக்களாக இருந்திருக்க வேண்டும்! அச்சம் நல்ல பிள்ளையையும் சேர்த்து அழித்தது. கருவைச் சோதிக்கும் வழி வந்தபின் அதே பெற்றார் மீண்டும் பிள்ளை பெறத் தொடங்கினர். ஏனைய குடும்பங்களைப்போலவே பெற்றனர். குடும்பக் கட்டுப்பாடு என்றவுடன் பிள்ளை வேண்டாம் என்று தடுப்பதே அதன் நோக்கம் என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். மேற்சொன்ன பெற்றார் விடயத்திலோ பிள்ளையைப் பறித்தது அறியாமை. பிள்ளையைத் தந்தது அறிவு.

ஆனால் லண்டனிலுள்ளோர்க்கு இருக்கும் வழிகள் யாவும் குருநாகலில் உள்ளோர்க்கு இல்லை. கருப்பமுற்ற பதினொரு வாரத்தின் பின் கருவைச் சூழ்ந்த சவ்விலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதிக்கலாம். பதினைந்து வாரத்தின் பின் பனிக்குடத்து நீரை எடுத்தும் சோதிக்கலாம். கருவுக்கு நோய் உண்டென்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது? 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நம் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றி வேறெதற்காகவும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பிள்ளைக்குத் தலசீமியா என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு காரணமன்று. இச்சட்டம் நன்றா தீதா என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. சமயத்தின் பேரால் ஒரு பக்கமும், தாயின் துயரின் பேரால் மறுபக்கமும் நின்று பேசுவோரை நாம் அறிவோம். அவ்விவாதத்தை இங்கே நான் தீர்க்கப்போவதில்லை. இச்சட்டத்தின்கீழ் வாழும் பெற்றார்க்கு முன்னுள்ள வழிகள் எவை என்பதையே சொல்ல முற்படுகின்றேன்.

உள்ள பிள்ளையோடு அமைதல் ஒரு வழி. நான்கில் மூன்று என்பதை நம்பி மீண்டும் பெறுதல் இன்னொரு வழி. அவ்வாறு பெறுவோரை மடையர் என்று ஏசுவதற்கு எவர்க்கும் உரிமையில்லை; அவர்கள் கணக்கை அறிந்தே துணிகின்றார்களா என்பதை மாத்திரமே வைத்தியர் உறுதிசெய்தல் வேண்டும். உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கி, சில நாட்களிலேயே அதனைச் சோதித்து, நோயில்லாத கருவைத் தாயின் வயிற்றில் வைக்கும் முறையும் இக்காலத்தில் உண்டு. அதற்காகும் செலவு நம்மிற் பெரும்பாலோர்க்கு எட்டாதது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளை ஒன்றைத் தத்தெடுத்தலும் ஒரு வழி. பெற்றால்தான் பிள்ளையா என்னும் வழக்கு நம்மிடையே புதியதன்று.

சில பெற்றாருக்கு வேறொரு நோக்கமும் உண்டு. நோயுற்ற மூத்த பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகவே அடுத்த பிள்ளையைப் பெற விரும்புகின்றனர். உடன்பிறந்த ஒருவரின் என்பு மச்சையைப் பெற்றுப் பொருத்தினால் தலசீமியா முற்றாக மாறக்கூடும் என்பது உண்மையே. 1980களின் தொடக்கத்திலிருந்து இவ்வாறு குணமடைந்த பிள்ளைகள் பலர். ஆனால் உடன்பிறந்த எவருடைய மச்சையும் பொருந்திவிடும் என்றில்லை. பொருந்துவதும் நான்கில் ஒன்றே. அடுத்த பிள்ளை நோயில்லாமற் பிறக்கவும் வேண்டும், மச்சை பொருந்தவும் வேண்டும். இரண்டும் கூடிவருவது பதினாறில் மூன்று. அதாவது ஐந்தில் ஒன்றும் இல்லை. இந்த எண்ணை அறியாமல், ஒரு பிள்ளைக்கு மருந்தாகும் என்று நம்பி இரண்டாவது நோயாளப் பிள்ளையைப் பெற்றுவிட்டு ஏங்குவதைக் காட்டிலும் கொடுமை வேறில்லை. அலகையே திருத்தியமைக்கும் புதிய சிகிச்சையொன்று 2023ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவில் அனுமதி பெற்றது. அதன் விலை அமெரிக்காவிலே இருபது இலட்சம் டொலருக்கு மேல். எம் காலத்தில் அது நம் கிராமத்துக்கு வருமென்று நம்பி இன்று முடிவு செய்தல் கூடாது.

முடிவு எதுவாயினும் அதற்கு அவகாசம் வேண்டும். நோய் இன்னதென்று அறிந்த முதல் மாதங்களில் மனம் கலங்கிக் கிடக்கும். அப்போது தாய் சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள் என்று கேட்பதுண்டு. உறவினர் வற்புறுத்துவதும் உண்டு. அவ்வேளையில் நிலையான கருத்தடையைச் செய்துகொள்ளுதல் தக்கதன்று என்பது என் கருத்து. திரும்பப்பெறத்தக்க முறைகள் பல இருக்கின்றன. காவிகள் நலமுடையவர் ஆதலால் மாத்திரை, ஊசி, லூப், தோலின்கீழ் வைக்கும் குச்சி ஆகிய எதனையும் அவர்கள் மற்றவர்களைப்போலவே பயன்படுத்தலாம். ஊரிலுள்ள குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்டாற் போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின், பிள்ளையின் சிகிச்சை ஓர் ஒழுங்குக்கு வந்தபின், கணவனும் மனைவியும் தனித்திருந்து பேசி முடிவு செய்யட்டும். நிலையான கருத்தடையே வேண்டுமென்றால், அது ஆணுக்கும் செய்யக்கூடியது, அதிலும் எளிதாகச் செய்யக்கூடியது என்பதைக் கணவன்மார் நினைவிற்கொள்ளுதல் நன்று. ஊசியும் கத்தியும் எப்பொழுதும் பெண்ணுக்கே என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

நோயுள்ள பிள்ளையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றார், நோயில்லாத மற்றப் பிள்ளைகளை மறந்துவிடுகின்றனர். அப்பிள்ளைகள் மூவரில் இருவர் காவிகளாக இருக்கக்கூடும். நாளை அவர்களுக்குக் கலியாணம் பேசுவோம். தந்தையின் தம்பி தங்கையரும், தாயின் அண்ணன் அக்காமாரும் இரண்டில் ஒன்று என்ற கணக்கிலே காவிகளாக இருக்கக்கூடும். ஒரு பிள்ளையின் நோய், அக்குடும்பத்தின் எத்தனையோ பேருக்கு வேளையோடு கிடைத்த அறிவித்தல் எனலாம்.

நம்மிடையே மாமன் மகளை, மச்சாள் முறையானவளைக் கட்டும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தை நான் குறைகூற வரவில்லை; அதிலே அன்பும் உண்டு, ஆதனமும் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். காவி ஒருவர் ஊரில் யாரோ ஒருவரை மணந்தால், அந்த யாரோவும் காவியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. மாமன் மகளை மணந்தாலோ எட்டில் ஒன்றுக்குக் குறையாது. ஆதலால் சொந்தத்துக்குள் மணம் பேசுவோர் இருவரும் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல் கட்டாயம் என்றே சொல்வேன். சாதகத்திலே பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம், இது பதினோராவது.

இச்சோதனை கடினமானதன்று. சிறிதளவு இரத்தம் போதும். செங்குருதிக் கலங்கள் அளவிற் சிறுத்திருக்கின்றனவா என்று முதலிற் பார்ப்பர். பின்னர் ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பர். இரும்புச்சத்துக் குறைவிலும் கலங்கள் சிறுக்கும். ஆதலால் காவிகள் சிலர் தமக்கு இரும்புக் குறைவு என்றெண்ணி ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குகின்றனர், பயனில்லை. ஈமோகுளோபின் 'ஈ' என்றொரு வகையும் நம் நாட்டில் உண்டு. அதை மாத்திரம் சுமப்பவர்க்கும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் 'ஈ' சுமப்பவரும் தலசீமியாக் காவியும் மணந்தால் அங்கும் அதே நான்கில் ஒன்று. நம் நோயாளரிற் கணிசமான பகுதியினர் இவ்வகையைச் சேர்ந்தவர்.

சோதித்தபின் அம்முடிவை ஊர் எவ்வாறு ஏற்கும் என்பதே அடுத்த கேள்வி. கிரேக்க நாட்டிலே ஓர்க்கொமெனோஸ் என்னும் ஊரில் இத்தகைய பரம்பரை இரத்தநோயொன்று மிகுதி. அந்நோயில் செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவாய் வளையும். ஊரவர் எல்லோரையும் சோதித்து, யார் யார் காவிகள் என்று அறிவித்தனர். காவிகள் ஒருவரையொருவர் மணக்காது விடுவர் என்பது எதிர்பார்ப்பு. 1974இல் வெளிவந்த அறிக்கை வேறு கதை சொல்லிற்று. காவிகளை ஊரார் குறைவாக எண்ணினர்; அதற்கஞ்சிப் பலர் உண்மையை மறைத்தே மணம் பேசினர்; முடிவில் காவிகள் காவிகளை மணந்த தொகை, சோதியாது விட்டிருந்தால் எவ்வளவோ அவ்வளவே. நம்மூர்க் கலியாணத் தரகர்களையும் நம் வாய்களையும் நன்கு அறிந்தவர்கள் இதனைச் சிறிது சிந்திக்கவேண்டும். 'அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரத்தத்திலே ஏதோ உண்டாம்' என்ற ஒரு பேச்சுப் போதுமே!

இதற்கு மாறாகச் சைப்பிரஸ் தீவைப் பாருங்கள். அங்கே ஏழு பேரில் ஒருவர் காவி. 1983 முதல், மணஞ்செய்து வைக்கும் திருச்சபை, மணமக்கள் இருவரும் சோதித்து ஆலோசனை பெற்றனர் என்ற சான்றிதழைக் கேட்கலாயிற்று. அச்சான்றிதழில் சோதனையின் முடிவு எழுதப்படுவதில்லை; அது மணமக்களுக்கு மாத்திரமே உரியது. எல்லோரும் சோதிப்பதனால் எவருக்கும் இழுக்கில்லை. இருவரும் காவிகள் என்று அறிந்தோரிலும் பெரும்பாலானோர் விலகிவிடாமல் மணந்தே கொண்டனர். கருவைச் சோதித்துப் பிள்ளைகளைப் பெற்றனர். 1980களின் பிற்பகுதி முதல் அத்தீவிலே தலசீமியாவுடன் பிள்ளை பிறப்பது மிக அரிதாயிற்று. சட்டம் வேறான நம் நாட்டிலே அவர்கள் வழி முழுவதும் நமக்குப் பொருந்தாது. ஆயினும் மணப்பேச்சுத் தொடங்குமுன்னரே, பள்ளிப்படிப்பு முடியும் வயதிலேயே, எல்லாரும் சோதித்துக்கொள்வதும், முடிவை அவரவரே வைத்துக்கொள்வதும் நமக்கும் இயலும். காதலித்து நாள் குறித்தபின் சோதிப்பது கொடுமை. இருவரும் காவிகள் என்று தெரிந்தால் அவ்வேளையில் யாரால் பிரியமுடியும்?

அடுத்த பிள்ளை வேண்டுமா என்று பெற்றார் ஒருகாலத்தில் மனத்துள்ளே கேட்டு நின்ற அதே வைத்தியசாலைக்கு, வளர்ந்துவிட்ட அந்நோயாளரே இன்று வேறொரு கேள்வியுடன் வருகின்றனர். தாம் மணம் செய்யலாமா, தமக்குப் பிள்ளை பிறக்குமா என்று கேட்கின்றனர். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விக்கே இடமிருக்கவில்லை. தலசீமியா உள்ள ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் யாவரும் காவிகளாயிருப்பர். ஒருவருக்கேனும் நோய் வராது. காவியை மணந்தால் இரண்டில் ஒன்று நோயாகும். ஆகவே அவர்களை மணப்பவருடைய இரத்தத்தைத்தான் முதலில் சோதிக்கவேண்டும். நோயுள்ள பெண் கருத்தரிக்குமுன், இருதயத்திலும் ஈரலிலும் இரும்பு எவ்வளவு படிந்துள்ளது என்று பார்த்து, அதனைக் குறைத்து, இரும்பகற்றும் மாத்திரைகளை எப்போது நிறுத்தவேண்டும் என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். கருப்பகாலத்தில் இரத்தம் ஏற்றுவதும் அடிக்கடி நேரும். இத்தனையும் கடந்து தாயாகியிருக்கும் பெண்கள் பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு, தாயைப்போல மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.